எனக்கு வராத செங்கமாரி

எனக்குச் செங்கமாரி வந்ததே இல்லை. நிந்தவூரில் இதை யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள். ஊரில் ஒருவருக்குக் கண் மஞ்சளாகிவிட்டால் இன்றும் என்னைத் தேடித்தான் ஆள் வருகிறது. எத்தனை நாள் கிடந்தீங்க, கீழ்க்காய்நெல்லியைப் பாலில் குடித்தீங்களா மோரில் குடித்தீங்களா, எண்ணெய் எப்போது சேர்த்தீங்க என்று கேட்கிறார்கள். நானும் பள்ளிக்கூடத்து டீச்சர் அல்லவா, வகுப்பில் சொல்வதுபோல் வரிசையாகச் சொல்லி அனுப்புகிறேன். எனக்கு வந்தது வேறு வருத்தம், வேறு நோய். அதன் பெயரைச் சொல்ல எங்கள் வீட்டில் இத்தனை வருடமும் ஒருவருக்கும் வாய் வரவில்லை. இனி நானே சொல்கிறேன்.

எழுபத்தெட்டுச் சூறாவளிக்கு அடுத்த வருடம் நான் கெம்பஸுக்கு, அதாவது பல்கலைக்கழகத்துக்கு, எடுபட்டேன். எங்கள் வீட்டுக் கூரையில் பாதி அப்போதும் வெறும் தகரம். விஞ்ஞானம் படிக்க எங்கள் தெருவிலிருந்து போன முதல் பெண்பிள்ளை நான். கடிதம் வந்த அன்று வட்டையில் வேளாண்மை வெட்டு நடந்துகொண்டிருந்தது. வாப்பா கடிதத்தை வயலுக்கே கொண்டுபோய் வெட்டுக்காரர் ஒவ்வொருவருக்கும் காட்டினாராம். அது இங்கிலீசில் இருந்தது. வாப்பாவும் வாசிக்கவில்லை, அவர்களும் வாசிக்கவில்லை. எல்லோருக்கும் சந்தோசம்.

கெம்பஸ் மலைநாட்டில் இருந்தது. குளிர், மழை, இங்கிலீசு. பள்ளிக்கூடத்தில் தமிழில் படித்து, வகுப்பில் முதலாவதாக வந்த பாடமெல்லாம் அங்கே வேறு பெயர் வைத்துக்கொண்டு என்னைத் தெரியாததுபோல் நின்றன. முதல் வருடத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டினேன். இரண்டாம் வருடம் நித்திரை போனது. விடியப் பார்த்த சாமத்தில் முழிப்பு வரும், பிறகு கண் மூடாது. சோற்றில் ருசி போனது. ஒரு பக்கத்தை எடுத்தால் முதல் வரியையே திரும்பத் திரும்ப வாசிப்பேன். தலைவாரக் கையைத் தூக்குவது பெரிய வேலையாகிவிட்டது. அழுகை வந்திருந்தால்கூட ஆறியிருக்கும், அதுவும் வரவில்லை. இல்லாமல் போய்விட்டால் எல்லோருக்கும் நல்லது என்ற எண்ணம் மட்டும் தவறாமல் வந்து பக்கத்தில் இருந்தது.

அங்கே மாணவர் ஆலோசகர் என்று ஒருவர் இருந்தார். கதவில் மூன்று மொழியிலும் பலகை அடித்திருந்தார்கள். அவர் ஒரு விரிவுரையாளர், இந்த வேலையையும் அவர் தலையில் கட்டியிருந்தார்கள், செவ்வாய்க்கிழமை மட்டும் இருப்பார். இரண்டு செவ்வாய் போனேன், கதவு பூட்டு. மூன்றாம் செவ்வாய் இருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை, வரவுப் பதிவைத்தான் பார்த்தார். வீட்டை நினைத்துக் கவலைப்படுகிறாய், பின்னேரத்தில் வலைப்பந்து விளையாடு என்றார். படியேறவே இரண்டு தடவை நின்று மூச்சு வாங்குகிறவளுக்கு வலைப்பந்து. கெம்பஸ் மருந்துச்சாலையில் சிவப்பு டொனிக் ஒரு போத்தல் தந்தார்கள். விடுதிப் பொறுப்பாளர் அம்மையாரோ, பரீட்சை கிட்ட வந்தால் எல்லாப் பெண்களுக்கும் வருவதுதானே என்றார். அந்த 'எல்லாப் பெண்களும்' யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்திருந்தால் அவர்கள் அறைக்காவது போயிருப்பேன்.

என்னைக் காப்பாற்றியது என் அறைத்தோழி மாலினி. சிங்களப் பிள்ளை. எனக்குச் சிங்களம் வராது, அவளுக்குத் தமிழ் வராது, இருவருடைய இங்கிலீசும் நொண்டி. அவள் என் தலையை வாரிப் பின்னி, கையைப் பிடித்து மருந்துச்சாலைக்கு இழுத்துப்போய், அங்கே மேசையில் ஏறி இருக்காத குறையாகச் சண்டை பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கடிதம் வாங்கினாள். ஆஸ்பத்திரி வாங்கில், மரப்பெஞ்சில், காலையிலிருந்து பகல் தாண்டும்வரை பக்கத்திலேயே இருந்தாள். அன்று அவளுக்கு வகுப்புப் பரீட்சை ஒன்று இருந்தது என்று பிறகுதான் தெரியும்.

பெண் டொக்டர், யாழ்ப்பாணத்துக்காரர். தமிழிலேயே கேட்டார்.

"எத்தினை மணிக்கு முழிப்பு வருகுது?"

"மூணு மணிக்கி."

"பிறகு நித்திரை இல்லையோ?"

"இல்ல."

"செத்துப்போனால் நல்லம் எண்டு நினைக்கிறனீரோ?"

ஓம் என்றேன். ஒரு வருடமாக என்னை ஒருவரும் கேட்காத கேள்வி. கேட்டால் எனக்கு அந்த எண்ணம் வந்துவிடும் என்று பயந்தார்களோ என்னவோ. டொக்டர் பயப்படவில்லை. பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இது உம்மட பிழையில்லை. மனச்சோர்வு எண்டொரு வருத்தம். நெருப்புக் காய்ச்சல் மாதிரி இதுவும் வருத்தம்தான், மருந்திருக்கு. ஆனால் இப்ப உம்மைத் தனிய விடேலாது. வார்ட்டில நிக்கவேணும்."

வெளியே வந்து வாங்கில் இருந்ததும்தான் எனக்கு அழுகை வந்தது. மாலினி என்னைவிடச் சத்தமாக அழுதாள்.

மனநோய்ப் பிரிவு ஆஸ்பத்திரியின் பின்புறத்தில், இரும்புக் கம்பிக் கதவோடு இருந்தது. உள்ளே போனதும் வளையலைக் கழற்றி வாங்கினார்கள். முக்காட்டுக்குக் குத்தியிருந்த ஊசியையும் வாங்கினார்கள். கூரான பொருள் எதுவும் நோயாளியிடம் இருக்கக்கூடாதாம். அதன் பிறகு அங்கிருந்த ஆறு கிழமையும், நாற்பத்திரண்டு நாளும், முக்காட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் நடந்தேன். சாப்பிடும்போது பற்களுக்கிடையில் கடித்துக்கொள்வேன். வருத்தத்தை மறந்த நாள் உண்டு, அந்த ஊசியை மறந்த நாள் இல்லை.

முதலில் இரத்தம் எடுத்தார்கள். கழுத்துச் சுரப்பியில் கோளாறு இருந்தாலும், இரத்தம் குறைந்தாலும் இப்படிச் சோர்வு வருமாம், அது இல்லையென்று உறுதி செய்ய வேண்டும். மாத்திரை இதயத்தைத் தொடக்கூடியது என்பதால் நெஞ்சில் வயர் ஒட்டி இதயத் துடிப்பைக் கோடாக எடுத்தார்கள். ஈரலையும் பார்த்தார்கள். ஈரல் சுத்தம் என்று வந்தது. இதை மறந்துவிடாதீர்கள். என் ஈரலில் ஒரு குறையும் இல்லையென்று அரசாங்க ஆஸ்பத்திரி எழுதிவைத்திருக்கிறது.

மாத்திரை உடனே வேலை செய்யாது, மூன்று கிழமை பொறுக்க வேண்டும் என்றார் டொக்டர். முதலில் வருவது அதன் தொல்லைதான். வாய் காய்ந்து நாக்கு ஒட்டும், கை நடுங்கும், எழும்பினால் தலை சுற்றும். நல்லது பிறகு வரும். அந்த மூன்று கிழமையும் நான் ஒருத்தரையும் நம்பவில்லை. நாலாம் கிழமை ஒரு காலையில் பேக்கரிப் பாண் வாசம் மூக்கில் ஏறியது. பாண் இத்தனை நாளும் மணத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது என்று நினைத்தேன். அன்று இரண்டு துண்டு தின்றேன். வார்ட் தாதி மிஸ்ஸி அதைக் குறிப்பேட்டில் எழுதினார்.

வாப்பா எட்டாம் நாள் வந்திருந்தார். விடிய வெளிக்கிட்டு மூன்று பஸ் மாறி, வெள்ளைச் சட்டையும் சாரமும் தொப்பியுமாக, கையில் ஒரு முட்டி எருமைத் தயிரோடு. பலகை சிங்களத்திலும் இங்கிலீசிலும் இருந்ததால் எந்த வார்ட் என்று வழியில் யாரிடமோ கேட்டிருக்கிறார். கேட்கப்பட்டவன் நெற்றிப்பொட்டில் விரலைச் சுழற்றிக் காட்டியிருக்கிறான். வாப்பா கம்பிக் கதவுக்கு அப்பால் வந்து நின்றார். சுகம் கேட்பார் என்று நின்றேன்.

"மகள், ஊர்ல செங்கமாரி எண்டு செல்லியாச்சு."

"எனக்குச் செங்கமாரி இல்லையே வாப்பா."

"அது எனக்குத் தெரியாதா மனே. ராத்தாக்கு மருதமுனையில பேசி வந்திரிக்கி. நல்ல எடம். மாப்பிள்ளைட கூடப்பொறந்த காக்கா ஒங்கட கெம்பஸ் கந்தோர்லதான் கிளாக்கர். இந்த வார்ட்டுட பேர் அவர்ட காதுல உழுந்தா எல்லாம் முடிஞ்சி. ராத்தாட நிக்காஹ் முடியட்டும், மறுகா உள்ளதச் செல்லுவம்."

எங்கள் கரையில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். அதனால் மாப்பிள்ளை வீட்டார் பெண்ணை மட்டும் பார்ப்பதில்லை, மகன் காலம் முழுக்க யார் யாரோடு ஒரே வளவில் இருக்கப் போகிறான் என்று வீட்டையே பார்ப்பார்கள். வளவுக்குள் ஒரு பைத்தியம் இருக்கிறதென்றால் பேச்சு அத்தோடு நின்றுவிடும். கூடப் பிறந்த மூத்தவ அல்லவா, எனக்கும் ராத்தா என்றால் உயிர். சரி வாப்பா என்றேன். கம்பிக்கு இடையால் கையை விட்டு என் தலையைத் தடவினார். தயிர் முட்டி கம்பிக்குள் நுழையவில்லை, மிஸ்ஸி வந்து கதவைத் திறந்து வாங்கினார்.

இத்தோடு விட்டிருந்தால் ஒன்றுமில்லை. நான் வார்ட்டில் இருந்தபோதுதான் பரீட்சை நடந்தது. வருத்தமென்று சேட்டிபிகேட் காட்டினால் அடுத்த வருடம் எழுதலாம், காட்டாவிட்டால் படிப்பு போச்சு. ஆஸ்பத்திரி தன் கடிதத்தை மூடிய உறையில் நேரே கெம்பஸுக்கு அனுப்பிவிட்டது. வாப்பாவுக்கு அது தெரியாது. பிள்ளையின் படிப்பு போய்விடுமே என்று பதறி, எங்கள் பக்கத்து டொக்டர் ஒருவரிடம் செங்கமாரி என்று ஒரு சேட்டிபிகேட் எழுதுவித்து, தன் கையெழுத்தையும் வைத்து, பதிவுத் தபாலில் போட்டார். போட்டுவிட்டு இரண்டு ரக்அத் தொழுததாக உம்மா சொன்னா.

ஆறு கிழமை முடிந்து வீட்டுக்கு வந்தேன். வாசலிலேயே செங்கமாரி எனக்காகக் காத்திருந்தது. தெருவில் உள்ள பெண்கள் எல்லோரும் வந்தார்கள். ஆளுக்கொரு பிடி கீழ்க்காய்நெல்லி. உம்மா அதை இடித்து ஆட்டுப்பாலில் கலக்கி, வருகிற ஆட்கள் பார்க்க எனக்குப் பருக்குவா. எண்ணெய் கூடாது, பொரித்த மீன் கூடாது, உறைப்பு கூடாது. டொக்டர் தந்த மாத்திரைப் போத்தல் அரிசிப் பானைக்குள் கிடந்தது. இல்லாத வருத்தத்துக்கு ஊர் கூடி மருந்து, இருக்கிற வருத்தத்துக்கு அரிசிக்குள் கைவிட்டுத் துழாவ வேண்டும்.

பக்கத்து வளவு ஆசியா மாமி ஐந்து பிள்ளைக்குச் செங்கமாரி பார்த்தவ. வந்தா, பாயில் குந்தினா, என் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தா. இரண்டு கண்ணையும் பார்த்தா. என் கண் பால் போல வெள்ளையாக இருந்திருக்கும். உம்மா பால் கோப்பையோடு நின்றா.

"ஓம் கா, இன்னம் கொஞ்சம் மஞ்சளாத்தான் இரிக்கி" என்றா மாமி.

மறுநாள் உம்மா கிணற்றடியில் நின்ற நேரம் பார்த்து வந்து, முக்காட்டுக்குள்ளிருந்து வாழையிலைப் பொட்டலம் ஒன்றை எடுத்து என் மடியில் வைத்தா. உள்ளே பொரித்த மீன், இன்னும் சூடு ஆறவில்லை.

"தின்னு கிளி. தின்னாட்டி எப்படித் தென்பு வாற?"

வேறு ஒன்றும் கேட்கவில்லை. அந்த மீனைப்போல் ஒரு மருந்தை நான் எந்த ஆஸ்பத்திரியிலும் தின்னவில்லை.

இரண்டு மாதத்தில் கெம்பஸிலிருந்து விசாரணைக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது, பெற்றாரோடு. எனக்குத் தென்பு வந்திருந்தது. புத்தகத்தில் பக்கங்கள் நகர்ந்தன. திரும்பிப்போக வேண்டும் என்ற ஆசை உடம்பெல்லாம் இருந்தது. அந்த வருத்தத்தில் கிடந்தவர்களுக்குத்தான் தெரியும், எதன்மீதாவது ஆசை வருவது என்றால் என்னவென்று.

நீண்ட மேசைக்குப் பின்னால் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் தலைவர், வயதான பேராசிரியர். ஒரு பக்கம் விடுதி அம்மையார். மறுபக்கம் அந்த வலைப்பந்து ஆலோசகர், அவருக்கு என்னை நினைவே இல்லை. வாப்பாவுக்கு இங்கிலீசும் சிங்களமும் தெரியாதென்று மொழிபெயர்க்கக் கந்தோரிலிருந்து ஒரு கிளாக்கரைக் கூப்பிட்டிருந்தார்கள். வந்து நின்றவர் மருதமுனைக்காரர், ராத்தாவுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளையின் காக்கா. வாப்பாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

தலைவர் நல்ல மனிதர். அதைச் சொல்லாமல் விட்டால் எனக்குப் பாவம். வெளியாள் ஒருவர் நிற்கிறார் என்பதற்காக அவர் என் வருத்தத்தின் பெயரைக் கடைசிவரை உச்சரிக்கவில்லை. அந்த நல்லதனத்தில்தான் நான் அழிந்தேன். அவர் இங்கிலீசில் சொன்னதைக் கிளாக்கர் வாப்பாவிடம் தமிழில் சொன்னார்.

"ரெண்டு சேட்டிபிகேட் வந்திரிக்காம். ஒண்டு நீங்க அனுப்பின, செங்கமாரி எண்டு. மத்தது ஆஸ்பத்திரி அனுப்பின, அதுல வேற வருத்தமாம். ரெண்டும் ஒரே நாளுக்கு. ஒண்டுதானே உண்மையா இரிக்கேலும். நீங்க அனுப்பினது பிழை எண்டு செல்லி வாபஸ் வாங்கினா, மத்தத ஏத்துக்கிட்டு மகளுக்கு அடுத்த வருசம் எழுத விடுவாங்களாம்."

இவ்வளவு லேசாக இருக்கும் என்று நான் நினைக்கவேயில்லை. பிழை என்று ஒரு சொல். வாப்பா அதைச் சொல்வதற்கு முன் நானே எழும்பி, ஆஸ்பத்திரிக் கடிதம்தான் உண்மை என்று இங்கிலீசில் சொன்னேன். விடுதி அம்மையார் தலைவரிடம் குனிந்து, பிள்ளை இன்னும் தெளியவில்லை, பதற்றமாக இருக்கிறாள், தகப்பனைக் கேட்போம் என்றார். பாருங்கள் கூத்தை. வருத்தக்காரி என்பதால் என் சொல் செல்லாது. வருத்தம் என்ன என்று சொல்லவும் என்னை விடமாட்டார்கள்.

எல்லோரும் வாப்பாவைப் பார்த்தார்கள். வாப்பா என்னைப் பார்க்கவில்லை. கிளாக்கரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"செங்கமாரிதான் சேர்" என்றார்.

தலைவர் மறுபடியும் கேட்கச் சொன்னார். கிளாக்கர் மெதுவாக, நல்லா யோசிச்சிச் செல்லுங்க ஹாஜியார் என்றார். வாப்பா ஹஜ்ஜுக்குப் போனவரே இல்லை, மரியாதைக்குச் சொன்னது. வாப்பா தொப்பியைச் சரிசெய்துகொண்டு திரும்பவும் அதையே சொன்னார். ஒன்றோடொன்று முரண்படுவதால் இரண்டு சேட்டிபிகேட்டும் தள்ளுபடி என்று ஒரு மாதத்தில் கடிதம் வந்தது. பொய்ச் சேட்டிபிகேட் சமர்ப்பித்த குற்றத்துக்காக என் பதிவும் ரத்து. அதுவும் இங்கிலீசில்தான் இருந்தது. இந்த முறை வாசித்துச் சொல்ல வீட்டில் நான் இருந்தேன்.

ராத்தாவின் நிக்காஹ் நடந்தது. மச்சான் எங்கள் வளவுக்கு வந்தார். தங்கமான மனிதர். நான் உயர்தரச் சேட்டிபிகேட்டை வைத்து உதவி ஆசிரியையானேன். கல்முனை ஆஸ்பத்திரியில், ஆள் அறியாதபடி, சுவாச வருத்தக்காரர்களோடு வரிசையில் நின்று மாத்திரையை இரண்டு வருடம் எடுத்தேன். வருத்தம் போனது. 'மறுகா உள்ளதச் செல்லுவம்' என்ற அந்த மறுகா மட்டும் வரவில்லை. இதைவிடக் கொடுமை, சொல்லிச் சொல்லி வாப்பாவே அதை நம்பத் தொடங்கிவிட்டார். பகல் சோற்றில் பொரித்த மீன் வந்தால் என் பீங்கானிலிருந்து எடுத்துவிடுவார். ஈரலுக்குக் கூடாது மனே என்பார்.

போன மாதம் ராத்தாவின் கடைக்குட்டி பிறந்து நாற்பதாம் நாள் விருந்து. மருதமுனையிலிருந்து அந்தக் கிளாக்கர் வந்திருந்தார். சாப்பிட்டு முடிந்து கை துடைத்துக்கொண்டே என்னிடம் கதைத்தார்.

"கெம்பஸ்ல இப்ப மனநல டொக்டர் ஒருத்தர் கிழமைக்கு ஒருக்கா வாறார் மச்சி. புள்ளைகள் வெக்கப்படாமப் போகுதுகள். ஒங்கட காலத்துல இது இருந்திருந்தா..."

"என்ட காலத்துலயா? எனக்கு வந்தது செங்கமாரிதானே மச்சான்."

அவர் கை துடைத்த துணியை மடித்து வைத்தார்.

"ஆஸ்பத்திரி அனுப்பின உறையப் பிரிச்சி பைல்ல போட்டதே நான்தான் மச்சி. எல்லாக் கடிதமும் முதல்ல என்ட மேசைக்கித்தானே வாற."

"அப்ப அண்டைக்கி ஏன் வாப்பாக்கிட்ட ஒரு சொல்லுச் செல்லல்ல?"

"எப்படிச் செல்லுற? பெரிய மனிசன் என்ட முகத்தப் பாத்துச் செங்கமாரி எண்டு செல்லுறார். எனக்குத் தெரியும் எண்டு காட்டினா அவர்ட மானம் என்னாகும்? நான் ஒருத்தருக்கிட்டயும் வாய் தொறக்கல்ல. தம்பிக்கிட்ட மட்டும் செல்லித்தான் கட்டி வெச்ச. கலியாணத்துக்கு முந்தியே செல்லிட்டன். 'அதுக்கென்ன காக்கா, வருத்தம் ஆருக்குத்தான் வராத' எண்டான்."

மருதமுனை வீட்டில் யாருக்குத் தெரியக்கூடாதென்று என் படிப்பைக் கொடுத்தோமோ, அந்த இருவருக்கும் முதலே தெரியும். தெரிந்துகொண்டு, எங்களுக்கு நோகக்கூடாதென்று பேசாமல் இருந்திருக்கிறார்கள். எல்லோரும் நல்லவர்கள். அவ்வளவு நல்லவர்களுக்கு நடுவில் நான் இருந்திருக்கிறேன்.

மூன்று கிழமை வாயை மூடிக்கொண்டு இருந்து பார்த்தேன். முடியவில்லை. நேற்றுக் காலை வாப்பா வட்டையிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டு இருக்கும்போது சொன்னேன். கிளாக்கர் சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னேன். எனக்குச் செங்கமாரி வரவில்லை, மனநோய் வந்தது, மாறிவிட்டது என்றும் அந்தப் பெயரைப் போட்டே சொன்னேன். வாப்பா வாளியைக் கீழே வைத்தார். சேறு பாதி போகாத காலோடு திண்ணையில் ஏறினார்.

"நான் அந்தக் கிளாக்கர்ட முகத்துக்காகத்தானே மகள் அப்படிச் செல்லினன்" என்றார்.

பகல் சாப்பிட இருந்தோம். உம்மா பாரை மீன் பொரித்திருந்தா. வாப்பா சட்டிக்குள் தேடி நடுத்துண்டு ஒன்றை எடுத்து என் பீங்கானில் வைத்தார். நான் அதைத் தொடவில்லை.